கைத்தறியும் அரசாங்கமும்



ஆண்கள் வீட்டில் உடுத்தும் கட்டம் போட்ட கைலியை நம் மலாய் நண்பர்கள் 'காயின் பெலிக்காட்' என்று சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 'காயின்' என்றால் துணி. 'பெலிக்காட்' என்பது ஓர் ஊரின் பெயர். சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் பழவேற்காட்டை ஐரோப்பியர் 'புலிகாட்' என்று அழைத்தனர். அந்தத் துறையிலிருந்து கப்பலேறி வந்த துணிக்கு, அத்துறையின் பெயரே இங்கு நிலைத்துவிட்டது.

போர்த்துகீசியர் 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றினர். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே தங்கியிருந்த தொமே பிரெஸ் என்பவர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்களையும் அவர்கள் கொண்டுவந்த துணி வகைகளையும் தம் நூலில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த தீவுகளில் அன்று காசைவிடத் துணிக்கு மதிப்பு அதிகம். துணியைக் கொடுத்து வாசனைப் பொருள்களை வாங்கினார்கள். நம் பாட்டன்மார் பால்மரம் வெட்ட இந்நாட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, தமிழ்நாட்டு நெசவாளியின் கைவேலை இங்கு வந்துவிட்டது.

அந்த நெசவாளி பிறகு என்ன ஆனார்? 'மில் வந்தது, கைத்தறி அழிந்தது' என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள் பலர். உண்மை அவ்வளவு எளிதன்று. கைத்தறி முற்றிலும் அழியவும் இல்லை. நெசவாளி செழிக்கவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே அரசாங்கத்தின் கை இருந்தது. சில காலம் அந்தக் கை அடித்தது, சில காலம் அணைத்தது, சில காலம் அணைப்பது போல் நின்றுகொண்டு வேறு பக்கம் பார்த்தது. அந்த வரலாற்றைத்தான் இன்றைய சொற்பொழிவில் பார்க்கப் போகிறோம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நெசவுக்குத் தறி மட்டும் போதாது. தறிக்குள் போவதற்கு நூல் வேண்டும். தறியிலிருந்து இறங்கிய துணியை வாங்க ஆள் வேண்டும். ஆகவே, தறி யாருடையது என்பதை விட, நூல் யார் கையில் இருக்கிறது, சந்தை யார் கையில் இருக்கிறது என்பதே பெரிய கேள்வி.

மன்னரும் கம்பெனியும்

அரசாங்கம் தறியைக் கண்டுகொண்டது நேற்று இன்றன்று. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே 'தறி இறை' என்னும் வரி காணப்படுகிறது. வீட்டில் இருந்த ஒவ்வொரு தறிக்கும் வரி கட்ட வேண்டும். தறிக்கு வரி போடும் பழக்கம் பெயர் மாறி, ஆட்சி மாறி, வெள்ளையர் காலத்திலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தொடர்ந்தது.

ஆனாலும் அக்காலத்து நெசவாளிக்கு ஒரு பலம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர், சென்னையில் ஆங்கிலேயர், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர், பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர் என்று துணி வாங்குவோர் வரிசையாக இருந்தனர். ஆங்கிலேயர் 1639-இல் சென்னையில் இடம் பிடித்ததற்கே முக்கியக் காரணம், அந்தப் பக்கத்தில் துணி மலிவாகக் கிடைக்கும் என்பதுதான். வணிகர் முன்பணம் கொடுப்பார்; நெசவாளி துணி நெய்து கொடுப்பார். வேறொருவர் நல்ல விலை தருகிறார் என்றால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவருக்கு நெய்யலாம். தொல்லை அதிகமானால் நெசவாளர் கூட்டமாக ஊரையே காலி செய்துகொண்டு போய்விடுவார்கள். நெசவாளி போய்விட்டால் வரியும் போய்விடும், வணிகமும் போய்விடும் என்பது ஆட்சியாளருக்குத் தெரியும்.

ஆகவே அந்நாளில் நெசவாளியை அழைத்துக் குடியேற்றினார்கள். சென்னையில் ஆளுநர் மார்ட்டன் பிட் 1734-இல் நெசவாளருக்கென்றே உருவாக்கிய ஊர்தான் சிந்தாதிரிப்பேட்டை. 'சின்ன தறிப் பேட்டை' என்பதே அப்படி மருவியது என்று சொல்வார்கள்.

கம்பெனி வியாபாரியாக இருந்த வரையில் இந்த நிலை நீடித்தது. வியாபாரியே அரசனாகவும் ஆனபோது நிலை மாறிற்று. 18ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் கம்பெனி இடைத்தரகரை விலக்கி, தன் சம்பள ஆட்களையும் சேவகர்களையும் நெசவாளர் ஊர்களுக்கு அனுப்பியது. கம்பெனியின் முன்பணம் வாங்கியவர் கம்பெனிக்கு மட்டுமே நெய்ய வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலக முடியாது. தறி வீட்டு வாசலில் சேவகன் உட்கார்ந்துகொண்டான். 1801-இல் கர்நாடகப் பகுதி முழுவதும் கம்பெனி ஆட்சியின் கீழ் வந்தது. ஓடிப்போகவும் வேறு அரசனின் நாடு அருகில் இல்லை.

முன்பணம் எப்படிக் கடனாகும், கடன் எப்படிக் காலில் விலங்காகும் என்பதைத் தோட்டத்து மக்களாகிய நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கங்காணி கொடுத்த முன்பணத்தைக் கழிக்கவே ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

நூல் கைமாறிய கதை

இதற்கிடையில் இங்கிலாந்தில் என்ன நடந்தது? இந்தியத் துணியின் மீது அங்குள்ள மக்களுக்கு அவ்வளவு மோகம். அதனால் தங்கள் கம்பளித் தொழிலும் பட்டுத் தொழிலும் கெடுகின்றன என்று அந்நாட்டு நெசவாளர் கிளர்ச்சி செய்தனர். இங்கிலாந்தின் நாடாளுமன்றம் 1700-இலும் 1721-இலும் சட்டம் போட்டு, அச்சிட்ட பருத்தித் துணியை முதலில் இறக்குமதி செய்யவும் பிறகு உடுத்தவுமே தடை விதித்தது. தன் நாட்டுத் தொழிலைக் காக்கச் சட்டம் போடலாம் என்பதை அந்த அரசு நன்றாகவே அறிந்திருந்தது.

பிறகு வந்தது இயந்திரம். 100 இராத்தல் நுண்ணிய நூல் நூற்க, இந்தியப் பெண் ஒருத்தி கைராட்டையில் ஏறத்தாழ 50,000 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பொருளாதார வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிட்டுள்ளனர். 1779-இல் கிராம்ப்டன் கண்டுபிடித்த இயந்திரத்தில் அதே வேலைக்கு 2,000 மணி நேரம் போதும். 1825 வாக்கில் வந்த இயந்திரத்தில் 135 மணி நேரம் போதும். இத்தகைய போட்டிக்கு எந்தக் கை ஈடு கொடுக்கும்?

1813-இல் இந்திய வாணிபத்தில் கம்பெனிக்கு இருந்த தனியுரிமை நீங்கியது. மான்செஸ்டர் நகரின் நூலும் துணியும் மிகக் குறைந்த சுங்கத்தோடு இந்தியாவுக்குள் வந்து குவிந்தன. இந்தியத் துணியோ இங்கிலாந்துக்குள் நுழைய அதிக வரி கட்ட வேண்டியிருந்தது.

இங்கேதான் பலரும் கவனிக்கத் தவறும் செய்தி இருக்கிறது. மில் நூல் வந்ததும் முதலில் வாழ்விழந்தவர்கள் நெசவாளர் அல்லர். நூல் நூற்ற பெண்கள். எல்லாச் சாதிகளிலும், எல்லா ஊர்களிலும், விதவைகளும் முதியவர்களும் ராட்டையை நம்பி அரை வயிறேனும் கஞ்சி குடித்தார்கள். அந்த வருமானம் சில பத்தாண்டுகளில் காற்றோடு போயிற்று. நெசவாளிக்கோ மில் நூல் மலிவாகக் கிடைத்தது. அந்த மலிவு நூலை வைத்துக்கொண்டே அவர் மில் துணியோடு போட்டி போட்டார். சரிகைக் கரை, விதவிதமான கட்டம், ஊருக்கும் குலத்துக்கும் ஏற்ற சேலை என்று இயந்திரம் செய்ய முடியாத வேலையைச் செய்து பிழைத்துக்கொண்டார்.

பிழைத்தார். ஆனால் என்ன விலை கொடுத்து? முன்பு நூல் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமிருந்து வந்தது. இப்போது கடல் கடந்து வந்தது; பின்னாளில் பம்பாயிலிருந்தும் மதுரை, கோவை ஆலைகளிலிருந்தும் வந்தது. அதை வாங்கக் கையில் ரொக்கம் வேண்டும். ரொக்கம் ஜவுளி முதலாளியிடம் இருந்தது. அவர் நூலைக் கடனாகத் தந்தார். துணியை அவரிடமே கொடுக்கச் சொன்னார். கூலியையும் அவரே நிர்ணயித்தார். தறி வீட்டில்தான் இருந்தது. நெசவாளிதான் சொந்தத் தொழிலாளி என்ற நிலையிலிருந்து இறங்கிக் கூலியாள் ஆனார்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் உலுக்கியது. பஞ்ச காலத்தில் மனிதன் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதைத்தான். ஆகவே உழவருக்கு முன்பே நெசவாளி பட்டினியைச் சந்தித்தார். தறியை விட்டு ஊர் பெயர்ந்தவர்கள் பலர். ஒரு காலத்தில் துணி மூட்டைகள் கப்பலேறிய அதே நாகப்பட்டினத் துறையிலிருந்து, பிறகு மனிதர்கள் பினாங்குக்குக் கப்பலேறினார்கள். துணியை ஏற்றுமதி செய்த கரை, ஆளை ஏற்றுமதி செய்யும் கரையாயிற்று.

அரசாங்கம் அப்போது யார் பக்கம் நின்றது? 1882-இல் இறக்குமதித் துணிக்கு இருந்த சுங்கத்தை எடுத்துவிட்டது. கஜானா காலியானதால் 1894-இல் மீண்டும் சுங்கம் போட்டது. லங்காஷயர் ஆலை முதலாளிகள் கூச்சல் போட்டார்கள். உடனே 1896-இல், வரும் துணிக்கு 3½ விழுக்காடு, இந்திய மில் துணிக்கும் அதே 3½ விழுக்காடு என்று சமன் செய்தது. கைத்தறித் துணி இதிலிருந்து தப்பியது. இந்தியர் வெறுத்த அந்த வரி 1926-இல்தான் முடிவாக நீங்கியது.

சேலத்து நெசவுச்சாலை

அதே ஆங்கில அரசில் நெசவாளியைக் கைதூக்கிவிட முயன்ற அதிகாரிகளும் இருந்தனர். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் அவர்களுள் ஒருவர்.

பழைய குழித்தறியில் நெசவாளி ஒரு கையால் நாடாவை எறிந்து மறு கையால் பிடிப்பார். கயிற்றை இழுத்தால் நாடா தானே இப்பக்கமும் அப்பக்கமும் ஓடும் விசைநாடாவை 1733-இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கண்டுபிடித்திருந்தார். சாதாரணத் துணி நெய்ய அது வேகத்தை வெகுவாகக் கூட்டும். சாட்டர்டன் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சேலத்தில் அரசு நெசவுச்சாலை ஒன்றை ஏற்படுத்தி, அந்த முறையைப் பரப்ப முனைந்தார்.

நெசவாளர் விசைநாடாவை ஏற்றுக்கொண்டனர், நெசவுச்சாலையை ஏற்கவில்லை. காலையில் மணி அடித்ததும் வந்து நிற்க வேண்டும், மாலையில் மணி அடித்தால்தான் போக வேண்டும் என்பது வீட்டுத் தறியில் பழகியவருக்கு ஒத்துவரவில்லை. விடியற்காலைப் பெரட்டுக்கு எழுந்து ஓடிய அனுபவம் உள்ள நமக்கு அவர்கள் மனம் புரியும். தவிர, வீட்டில் நெய்யும்போது மனைவி தார் சுற்றுவார், பிள்ளை ஒத்தாசை செய்யும், முதியவர் பாவுக்குக் கஞ்சி போடுவார். குடும்பம் முழுவதும் சேர்ந்து நெய்வது அது. ஒருவரை மட்டும் பிரித்துச் சாலைக்குக் கொண்டுபோனால் மற்றவர் உழைப்பு வீணாகும்.

இந்த முயற்சிக்கு முற்றுப்புள்ளி வைத்தது லண்டன். அரசாங்கம் தொழிலைச் சொல்லிக் கொடுக்கலாம், தானே தொழில் நடத்தக் கூடாது என்று இந்திய மந்திரி மார்லி 1910-இல் உத்தரவிட்டார். சேலத்துச் சாலை மூடப்பட்டது. ஆனாலும் விதை வீண்போகவில்லை. பின்னர் அரசின் நெசவுப் பயிற்சிக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று கற்பித்தன. விசைநாடா தமிழ்நாடெங்கும் பரவியது.

இந்த நிகழ்ச்சியில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. புதிய கருவியை மறுக்கும் மூடன் அல்லன் நெசவாளி. தன் வீட்டுக்கும் வாழ்க்கைக்கும் பொருந்தியதை எடுத்துக்கொண்டான், பொருந்தாததை விட்டுவிட்டான்.

கூட்டுறவு பிறந்தது

1930-ஐ ஒட்டி உலகப் பொருளாதார மந்தம் வந்தது. மலாயாவில் ரப்பர் விலை சரிந்து, நம்மவர் பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்ட ஆண்டுகள் அவை. அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் துணி தேங்கியது. பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த கைலிக்கும் கிராக்கி குறைந்தது. நூலின் மீது போடப்பட்ட சுங்கத்தாலும் கைத்தறிக்குச் சுமை ஏறியது.

இதற்கு ஈடு செய்ய, இந்திய அரசு 1934 முதல் கைத்தறிக்கென மாகாணங்களுக்கு உதவித் தொகை கொடுத்தது. அதைக் கொண்டு 1935-இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இன்று 'கோ-ஆப்டெக்ஸ்' என்ற பெயரில் கடைகள் நடத்தும் நிறுவனம் அதுதான்.

அதன் அமைப்பு எளிமையானது. ஊரிலுள்ள நெசவாளர் பங்கு போட்டுச் சங்கம் அமைப்பார்கள். தலைமைச் சங்கம் நூலை மொத்தமாக வாங்கி ஊர்ச் சங்கத்துக்கு அனுப்பும். ஊர்ச் சங்கம் உறுப்பினருக்குப் பாவும் ஊடையும் கொடுத்து, நெய்த துணியைப் பெற்றுக்கொண்டு கூலி கொடுக்கும். தலைமைச் சங்கம் அத்துணியைத் தன் கடைகளில் விற்கும். இலாபம் வந்தால் உறுப்பினருக்கே பங்கு. முதலாளியின் கையில் இருந்த இரண்டு சாவிகள், அதாவது நூலும் சந்தையும், நெசவாளர் கைக்குத் திரும்புவதற்கு இது வழி.

இந்த வழி எவ்வளவு அவசியம் என்பதை 1942-இல் வெளிவந்த ஓர் அறிக்கை காட்டியது. பேராசிரியர் பி. ஜே. தாமஸ் தலைமையில் அரசு அமைத்த உண்மையறியும் குழுவின் அறிக்கை அது. இந்தியாவில் ஏறத்தாழ 20 லட்சம் கைத்தறிகள் இருப்பதையும், நெசவாளரில் பெரும்பாலோர் பிறருக்குக் கூலிக்கு நெய்வதையும் அக்குழு எடுத்துரைத்தது. அந்த நேரத்தில் போர் வேறு நடந்துகொண்டிருந்தது. நூலுக்குப் பஞ்சம் வந்தது. 1943-இல் அரசு கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தும் நூல் கள்ளச் சந்தைக்குப் போயிற்று. நூல் இல்லாத நெசவாளி, தறி இருந்தும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

சுதந்திரத்துக்குப் பின்

இந்தியா விடுதலை பெற்ற பின்பு, கைத்தறியைக் காப்பது அரசின் கடமை என்பது வெளிப்படையாக ஏற்கப்பட்டது. ஆயினும் 1952 வாக்கில் சென்னை மாகாண நெசவாளர் கடுந்துயரில் இருந்தனர். துணி தேங்கிக் கிடந்தது. அப்போது முதலமைச்சராக இருந்த ராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்கிவிட வேண்டும் என்று மத்திய அரசிடம் வற்புறுத்தினார். எதிர்க்கட்சியாக இருந்த திராவிட முன்னேற்றக் கழகமும் இதில் பின்தங்கவில்லை. அறிஞர் அண்ணா 1953-இல் திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றார். கொள்கையில் எதிரும் புதிருமாக நின்றவர்கள் நெசவாளர் விஷயத்தில் ஒரே பக்கம் நின்றது குறிப்பிடத்தக்கது.

ராஜாஜி கேட்டது முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆலைகள் முன்பு நெய்த வேட்டியில் 60 விழுக்காடுதான் நெய்யலாம் என்று மத்திய அரசு வரம்பு கட்டியது. 1952-இல் அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைந்தது. 1953-இல் ஒரு சட்டம் வந்தது. மில் துணி ஒவ்வொரு கெஜத்துக்கும் காலணா தனி வரி. அந்தப் பணம் கைத்தறிக்கும் கதருக்கும் செலவிடப்படும். பெரிய தொழிலிடம் காலணா வாங்கிச் சிறிய தொழிலுக்குக் கொடுத்தது இந்தச் சட்டம்.

அந்தக் காலணாவில் பல நன்மைகள் விளைந்தன. பங்குத் தொகை கட்ட வழியில்லாத நெசவாளிக்கு அதன் பெரும்பகுதியை அரசே கடனாகக் கொடுத்துச் சங்கத்தில் சேர்த்தது. நெசவாளர் குடியிருப்புகள் எழுந்தன. கூட்டுறவு நூற்பாலைகள் தோன்றின. தீபாவளி, பொங்கல் காலத்துத் தள்ளுபடி விற்பனையும் பரவியது. தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர்கள் 'கைத்தறிக்குத் தள்ளுபடி' என்ற விளம்பரப் பலகையைப் பார்த்திருப்பீர்கள்.

பின்வாசல் வழியே வந்த போட்டி

முன்வாசலில் மில்லைத் தடுத்து நிறுத்தியபோது, பின்வாசல் வழியே வேறொரு போட்டி வந்தது. அதுதான் விசைத்தறி. மின்சாரத்தால் ஓடும் இந்தத் தறியை நான்கோ எட்டோ சிறு கொட்டகையில் போட்டு ஓட்டலாம். பெரிய ஆலைக்கு உள்ள வரியும் இல்லை, தொழிற்சட்டமும் எளிதில் எட்டாது. 1954-இல் கானுங்கோ குழு, கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றலாம் என்றே பரிந்துரைத்தது. ஈரோடு, குமாரபாளையம், சோமனூர் வட்டாரங்களில் விசைத்தறி பெருகியது. 1974-இல் சிவராமன் குழு, ஒரு விசைத்தறி 6 கைத்தறிகளின் வேலையைப் பறிக்கிறது என்று எச்சரித்தது.

1985-இல் இந்திய நாடாளுமன்றம் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 22 வகைத் துணிகளைக் கைத்தறி மட்டுமே நெய்யலாம் என்று அதன்படி ஆணை பிறந்தது. விசைத்தறி உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 1993-இல்தான் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1996-இல் அந்த 22 வகை 11 ஆகச் சுருங்கியது. சட்டம் போட்ட கை தளர்வதற்குள், கைத்தறிச் சேலை என்ற பெயரில் விசைத்தறிச் சேலை கடைக்கடையாய்த் தொங்கியது. அதைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்கப் போதிய ஆளும் இல்லை, போதிய மனமும் இல்லை.

நூலின் கதையும் அப்படியே. கைத்தறிக்கு வேண்டியது சிட்டா நூல். ஆலைகள் விற்கும் நூலில் பாதியைச் சிட்டமாகவே கட்ட வேண்டும் என்று அரசு விதித்திருந்தது. ஆனால் அந்தச் சிட்டத்தில் ஒரு பகுதி வழிமாறி விசைத்தறிக்குப் போனது. 2003-இல் அந்த அளவு 40 விழுக்காடாகவும், 2019-இல் 30 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது.

ஏழைகளுக்கு மலிவுத் துணி கொடுக்க 1976-இல் 'ஜனதா' துணித் திட்டம் வந்தது. தறிகள் சும்மா இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் முரட்டுத் துணிக்கு முரட்டுக் கூலிதான். நல்ல கைவேலை தெரிந்தவரும் அதையே நெய்து கைத்திறனை மறந்தார். அத்திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டில் எம். ஜி. ஆர். ஆட்சியில் 1983-இல் பொங்கலுக்கு ஏழைகளுக்கு இலவச வேட்டி சேலை வழங்கும் திட்டம் தொடங்கியது. உடுத்துவோருக்கும் நெய்வோருக்கும் ஒருசேர உதவும் நல்ல எண்ணம் அது. நாளடைவில் அந்த வேலையின் பெரும்பகுதியும் விசைத்தறிக்கே போயிற்று.

கூட்டுறவுச் சங்கங்களிலும் குறை இல்லாமல் இல்லை. தறியே இல்லாதவர் பெயரில் தறி இருப்பதாகக் கணக்கு எழுதிய போலிச் சங்கங்கள் முளைத்தன. சில இடங்களில் பழைய ஜவுளி முதலாளியே சங்கத் தலைவராக உட்கார்ந்தார். தள்ளுபடிப் பணம் அரசிடமிருந்து வரத் தாமதமானால் கூலியும் தாமதமாயிற்று. கூட்டுறவு நூற்பாலைகள் பல நட்டத்தில் மூழ்கி மூடப்பட்டன. கூட்டுறவு என்ற பெயர்ப் பலகை மட்டும் கூட்டுறவாகாது.

இன்றைய கணக்கு

இவ்வளவுக்கும் பிறகு நிலைமை என்ன? இந்திய அரசே எடுத்த கணக்கைச் சொல்கிறேன். 1995-96-இல் கைத்தறியிலும் அதன் துணை வேலைகளிலும் ஏறத்தாழ 65 லட்சம் பேர் இருந்தனர். 2009-10-இல் அது 43 லட்சம் ஆயிற்று. 2019-20-இல் 35 லட்சம். அவர்களுள் பத்தில் ஏழு பேர் பெண்கள். மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. 

மறுபுறம் சில நல்ல முயற்சிகளும் உண்டு. காஞ்சிபுரம் பட்டு 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது; அந்த வட்டாரத்தில் நெய்யாத பட்டை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. 2006-இல் கைத்தறி முத்திரை வந்தது. சுதேசி இயக்கம் தொடங்கிய 1905 ஆகஸ்ட் 7-ஐ நினைவுகூர்ந்து, 2015 முதல் அந்நாள் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் 1952-இல் அமைந்த மரபில் வந்த அகில இந்தியக் கைத்தறி வாரியம் 2020-இல் கலைக்கப்பட்டது. கொண்டாட்டத்துக்கு ஒரு நாள் கிடைத்தது. நெசவாளர் தரப்பினர் உட்கார்ந்து பேச இருந்த ஓர் இடம் போயிற்று.

நாம் கற்க வேண்டியது

நேயர்களே, இந்த நீண்ட வரலாற்றை அலசிப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. அரசாங்கம் வரி போட்டது, வரியை நீக்கியது, தடை விதித்தது, தள்ளுபடி கொடுத்தது, இலவசமாக வாங்கியும் கொடுத்தது. இவற்றுள் எது நெசவாளிக்கு உண்மையில் கை கொடுத்தது? நூலையும் சந்தையையும் அவர் கைக்குக் கொண்டுவந்த ஏற்பாடுகளே. நேர்மையாக நடந்த கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரானவர் கூலிக்காகக் கைகட்டி நிற்கவில்லை. தள்ளுபடியும் இலவசத் திட்டமும் அந்த ஆண்டுத் தீபாவளிக்கு உதவின. அடுத்த ஆண்டும் அதே கையை எதிர்பார்க்க வைத்தன. சட்டமோ, அதைக் காத்து நிற்க ஆள் இருந்த வரைக்கும்தான் சட்டமாக இருந்தது.

இந்தப் பாடம் நமக்கு அந்நியமானதன்று. மலாயாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர் தெருவில் நிற்கக் கூடாது என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. மரம் வெட்டியவர்களே மரத்துக்கு உரியவர்களாக முடியும் என்று அது காட்டியது. 1935-இல் நெசவாளர் நூலுக்காகச் செய்ததும், 1960-இல் நம்மவர் நிலத்துக்காகச் செய்ததும் ஒரே வகைச் செயல்தான்.

ஆகவே சங்கத்தில் பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். கணக்கறிக்கையை வாங்கிப் படியுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமமாக இருந்தால் பள்ளிக்கூடத்தில் படிக்கும் உங்கள் பிள்ளையை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். புரியாததைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். உறுப்பினர் கேள்வி கேட்காத சங்கத்தில்தான் இல்லாத தறிக்குக் கணக்கு எழுத முடியும்.

அடுத்த முறை கைத்தறி என்று சொல்லி ஒரு சேலையையோ துண்டையோ உங்களிடம் விற்றால், அதில் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளி இரண்டு கூடுதலாக இருந்தாலும், அந்தக் காசு ஒரு நெசவாளர் வீட்டில் அடுப்பெரிய உதவும்.

அரசாங்கத்தின் உதவியைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் உரிமை. பெற்ற உதவியைக் கொண்டு தன் தொழிலின் சாவியைத் தன் கையில் வைத்துக்கொள்வது உழைப்பவனின் கடமை. இரண்டும் சேர்ந்தால்தான், பாவும் ஊடையும் சேர்ந்தது போல, வாழ்க்கை துணியாகும்.